எட்டாம் அதிகாரத்துக்குப் பிறகு

எருசலேம் ஆலயத்தில் மராமத்து வேலை நடந்துகொண்டிருந்தது. தச்சர்கள், கொத்தர்கள், சுவர் கட்டுகிறவர்கள் எல்லாரும் உள்ளே. வாசல் காவலர்கள் ஜனங்களிடம் வாங்கிச் சேர்த்த பணத்தைக் கணக்குப் பார்த்து வேலைக்காரர்கள் கையில் சேர்க்கச் சொல்லி, சம்பிரதி சாப்பானை அனுப்புகிறான் ராஜா யோசியா. போன இடத்தில் பிரதான ஆசாரியன் இல்க்கியா, ஆலயத்துக்குள் நியாயப்பிரமாணச் சுருள் ஒன்று அகப்பட்டது என்று எடுத்து நீட்டுகிறான். சாப்பான் அதை அங்கேயே வாசித்துவிட்டு அரண்மனைக்குத் திரும்புகிறான். திரும்பியதும் அவன் முதலில் சொல்வது பணக்கணக்கு. இருந்த தொகையை எடுத்து வேலைப் பொறுப்பாளர்களிடம் கொடுத்தாயிற்று என்கிறான். அதற்குப் பிறகுதான், இல்க்கியா ஒரு புஸ்தகம் கொடுத்தான் என்று பேச்சை எடுக்கிறான்.

இரண்டாம் இராஜாக்கள் 22ஆம் அதிகாரத்தில் வருகிற இந்த வரிசை எனக்கு மிகவும் பிடிக்கும். தொலைந்த வேதம் கிடைத்த அன்றும் கொத்தனுக்குக் கூலி போய்ச் சேர்ந்ததா என்பதைச் சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொல்கிறான் ஒரு கணக்கன். அந்த வேலைக்காரர்களிடம் கணக்குக் கேட்கத் தேவையில்லை, அவர்கள் உண்மையாக நடந்துகொண்டார்கள் என்று வேதம் தனியாகக் குறித்து வைத்திருக்கிறது. இஸ்ரவேல் வரலாற்றின் மிகப் பெரிய எழுப்புதல் என்று பிரசங்கிமார் கொண்டாடுகிற நிகழ்ச்சியின் தொடக்கம் இதுதான். அங்கே உபவாசக் கூட்டமோ பாட்டோ இல்லை. ஒழுகுகிற கட்டடத்துக்கு வேலை பார்க்கப்போன இடத்தில் கிடைத்த சுருள்.

யோசியா எட்டு வயதில் பட்டத்துக்கு வந்தவன். தாத்தா மனாசே 55 வருஷம் ஆண்டவன். ஆலயத்துக்குள்ளேயே அந்நிய பீடங்களைக் கட்டியவன். அப்பா ஆமோனை இரண்டே வருஷத்தில் சொந்த ஊழியக்காரர்கள் கொன்றுபோட்டார்கள். அப்படிப்பட்ட வீட்டில் வளர்ந்த பிள்ளை, தன் ஆட்சியின் 18ஆம் வருஷத்தில், ஏறத்தாழ கி.மு. 622இல், அந்தச் சுருளை வாசிக்கக் கேட்டதும் வஸ்திரத்தைக் கிழித்துக்கொள்கிறான். அர்த்தம் விசாரித்துவர ஆள் அனுப்புகிறான். ஆட்கள் போனது உல்தாள் என்கிற பெண்ணிடம். எரேமியா அப்போது தீர்க்கதரிசனம் சொல்லத் தொடங்கிச் சில வருஷங்கள் ஆகிவிட்டன. இருந்தும் ஆசாரியனும் சம்பிரதியும் தேடிப்போனது அரண்மனை வஸ்திரசாலைக்காரன் மனைவியை. அவள் முகத்துக்காகப் பேசவில்லை. இந்த நகரத்துக்கு வருகிற தண்டனை வரத்தான் போகிறது, ராஜா மனம் இளகினதால் அவன் கண் அதைக் காணாது, அவ்வளவுதான் என்று சொல்லி அனுப்பிவிட்டாள்.

யோசியா அதற்குப் பிறகுதான் வேலையைத் தொடங்குகிறான். செய்தாலும் நகரம் தப்பாது என்று தெரிந்த பிறகு. ஜனங்களைக் கூட்டிச் சுருளை வாசிக்கிறான், உடன்படிக்கை பண்ணுகிறான், மேடைகளை இடிக்கிறான், பிள்ளைகளைத் தீயில் பலியிட்ட இன்னோம் பள்ளத்தாக்கின் தோப்பேத்தைப் பாழாக்குகிறான், நியாயாதிபதிகள் காலத்துக்குப் பிறகு அப்படி ஒன்று நடந்ததில்லை என்கிற அளவுக்குப் பஸ்காவை ஆசரிக்கிறான். "ஆராதனைக்குத் திரும்புங்கள், ஆசீர்வாதம் வரும்" என்று பேரம் பேசுகிற பிரசங்கங்களைக் கேட்டுப் பழகிய காதுக்கு யோசியாவின் கதை கொஞ்சம் கசக்கும். அவனுக்கு வாக்குக் கொடுக்கப்பட்ட லாபம் ஒன்றுமில்லை. செய்யவேண்டியதாக இருந்தது, செய்தான்.

அவன் செய்ததில் ரத்தமும் உண்டு. சமாரியாவின் மேடைகளில் இருந்த பூசாரிகளை அவர்களுடைய பலிபீடங்களின்மேலேயே கொன்றுபோட்டான். இதைச் சொல்லாமல் எழுப்புதலைப் பற்றிப் பேசுவது நேர்மையாகாது. சுத்திகரிப்பு என்று தொடங்குவது எந்த இடத்தில் கொலையாகிறது என்பதற்கு எல்லா மதங்களின் வரலாற்றிலும் சாட்சி கிடைக்கும். வேதம் இதை மறைக்கவில்லை. பெரிதாகப் பாராட்டியும் விரிக்கவில்லை.

ஆனால் அதே காலத்தில் வாழ்ந்த எரேமியா யோசியாவை எதற்காக நினைவுகூர்ந்தார் என்று பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். யோசியா செத்தபின் அவன் மகன் யோயாக்கீம் கேதுருப் பலகை பதித்து, பலகணி வைத்து, விசாலமான மாளிகை கட்டுகிறான். கட்டுகிறவர்களுக்குக் கூலி கொடுக்கவில்லை. எரேமியா 22ஆம் அதிகாரத்தில் அவனைப் பார்த்துக் கேட்கிறார்: உன் அப்பனும் சாப்பிட்டான், குடித்தான், சிறுமையானவனுக்கும் எளியவனுக்கும் நியாயம் செய்தான், என்னை அறிகிற அறிவு என்று கர்த்தர் சொல்வது அதைத்தானே? இந்த இடத்தில் இடித்த மேடைகளைப் பற்றிப் பேச்சில்லை. உடைத்த சிலைகளைப் பற்றியும் இல்லை. அப்பனுடைய எழுப்புதலில் எரேமியா மிச்சம் என்று எடுத்துக்கொண்டது எளியவனுக்குச் செய்த நியாயம் ஒன்றை. யூதா முழு இருதயத்தோடு திரும்பவில்லை, பாவனையாகத்தான் திரும்பினாள் என்று அவர் வேறோரிடத்தில் கடிந்துகொள்வதும் யோசியா காலத்து ஜனங்களைத்தான்.

யோயாக்கீமைப் பற்றி இன்னும் ஒரு காட்சி உண்டு. குளிர்காலம். ராஜா குளிர்கால வீட்டில் கணப்புச் சட்டிக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறான். எரேமியாவின் சுருளை ஒருவன் வாசிக்கிறான். மூன்று நாலு பத்தி வாசித்ததும் சம்பிரதியின் சூரிக்கத்தியால் அதை அறுத்து நெருப்பில் போடுகிறான் ராஜா. வாசிக்க வாசிக்க அறுத்து, சுருள் முழுதும் எரிந்துபோகிறது. கேட்ட ஒருவரும் வஸ்திரத்தைக் கிழித்துக்கொள்ளவில்லை என்று எழுதியிருக்கிறது. சுருளைக் கேட்டு வஸ்திரத்தைக் கிழித்த அப்பன்; வஸ்திரத்துக்கு ஒன்றும் நேராமல் சுருளைக் கிழித்த மகன். இடையில் இருபது வருஷம்கூட ஆகவில்லை. எரிக்கவேண்டாம் என்று ராஜாவிடம் மன்றாடின மூவரில் ஒருவன் கெமரியா, சாப்பானின் மகன். அந்தச் சுருள் ஆலயத்தில் முதலில் வாசிக்கப்பட்டதே இவனுடைய அறையில்தான். எரேமியாவைக் கொல்லக் கூட்டம் கிளம்பியபோது காப்பாற்றின அகீக்காமும் சாப்பான் என்பவனின் மகன். யோசியாவின் எழுப்புதல் யோசியாவின் வீட்டில் தங்கவில்லை. கணக்குச் சொன்னவன் வீட்டில் ஒரு தலைமுறையாவது தங்கியிருக்கிறது.

தேனியில் சுவர் காலியாக இருப்பதில்லை. அல்லிநகரத்தில் வீரப்ப அய்யனார் கோயில் திருவிழாவுக்கும் வீரபாண்டி கௌமாரியம்மன் சித்திரைத் திருவிழாவுக்கும் ஒட்டுகிற சுவரொட்டிகளின் மேலேயே மற்ற மாதங்களில் எழுப்புதல் பெருவிழாக்களின் சுவரொட்டிகள் ஏறும். மூன்று நாள் கூட்டம், கோட்டு போட்ட தேவ ஊழியரின் படம், அற்புதம், விடுதலை, சுகம். கம்பம் பள்ளத்தாக்கு முழுக்க இதே காட்சிதான். இவற்றை நான் கேலி செய்யப்போவதில்லை. பொழுது விடியுமுன் ஜீப்பில் நெருக்கிக்கொண்டு போடிமெட்டு ஏறி ஏலத்தோட்டத்துக்கு வேலைக்குப் போய் இருட்டியபின் வீடு திரும்புகிற பெண், ஒரு ராத்திரி கூட்டத்தில் உட்கார்ந்து வாய்விட்டு அழுகிறாள் என்றால், அந்த அழுகைக்கு இந்தப் பள்ளத்தாக்கு வேறு இடம் கொடுக்கவில்லை என்று அர்த்தம். என் கேள்வி அழுகையைப் பற்றியதில்லை. மறுநாள் காலையைப் பற்றியது.

மறுநாள் காலை என்ன ஆனது என்று ஓரளவு தெரிகிற எழுப்புதல் ஒன்று நம்மிடம் உண்டு. இங்கிருந்து மலையைத் தாண்டினால் அந்த இடம். சதுரகிரிக்குப் போகிற பக்தர்களில் எங்கள் பக்கத்துக்காரர்கள் வருசநாட்டு உப்புத்துறை வழியாக ஏறுவதுண்டு. மறுபக்கம் இறங்கினால் வத்திராயிருப்பு. அதன் பக்கத்தில்தான் கிறிஸ்டியான்பேட்டை. 1840களில் அந்த ஊரை உண்டாக்கினவர் ஜான் கிறிஸ்டியன் அருளப்பன்.

அருளப்பன் 1810இல் திருநெல்வேலிச் சீமையில் உக்கிரன்கோட்டையில் பிறந்தவர். பாளையங்கோட்டையில் ரேனியஸ் ஐயரிடம் படித்தார். பிறகு ஆந்தனி நாரிஸ் குரோவ்ஸ் என்பவரோடு சேர்ந்து ஊர் ஊராகப் போனார். குரோவ்ஸ் இங்கிலாந்தில் எக்ஸெட்டர் நகரத்துப் பல் மருத்துவர். நல்ல வருமானத்தை விட்டுவிட்டு, எந்தச் சங்கத்தின் சம்பளமும் இல்லாமல் பாக்தாத் போய், அங்கிருந்து 1833இல் இந்தியா வந்தவர். பிரிஸ்டலில் அநாதை இல்லம் நடத்திய ஜார்ஜ் முல்லரின் மைத்துனர். இவரிடம் அருளப்பன் கற்றுக்கொண்ட முக்கியமான பாடம் சம்பளத்தைப் பற்றியது. மிஷன் சம்பளத்தில் உபதேசியாராக இருக்க வாய்ப்பிருந்தும் அவர் அதை ஏற்கவில்லை. நிலம், விவசாயம், பள்ளிக்கூடம், ஜெபம் என்று ஒரு ஊர். பட்டம் பெற்ற குருவானவர் வரட்டும் என்று காத்திராமல் விசுவாசிகள் கூடி அப்பம் பிட்ட ஊர். மிஷனின் கிளை, அதன் சம்பளப் பட்டியல், மேலே வெள்ளைக்கார ஐயர் என்பதுதான் அன்றைய தமிழ்ச் சபையின் வழக்கமான அமைப்பு. அதற்கு வெளியே நின்று ஒரு தமிழர் நடத்திய சபை இது என்பதை இன்றைக்கும் போதுமான அளவு யாரும் சொல்வதில்லை.

1860 மார்ச்சில் அங்கே எழுப்புதல் தொடங்கியது. அமெரிக்காவிலும் அயர்லாந்தின் அல்ஸ்டரிலும் 1857 முதல் 1859 வரை நடந்தவற்றின் செய்தி கடல் கடந்து வந்திருந்தது; அதைப் படித்து, நமக்கும் வேண்டும் என்று ஜெபித்துக்கொண்டிருந்தார்கள். வந்தபோது மார்பில் அடித்துக்கொண்டு அழுதார்கள், நடுங்கி விழுந்தார்கள், பாவங்களைச் சபைநடுவே அறிக்கையிட்டார்கள், சிலர் தரிசனம் கண்டார்கள், சிலர் அந்நிய பாஷையில் பேசினார்கள். பெண்களும் பிள்ளைகளும் தீர்க்கதரிசனம் சொன்னார்கள். திருநெல்வேலியின் வடபகுதிச் சபைகளுக்குப் பரவியது. சிவகாசியை மையமாக வைத்துக் கூடாரமடித்து ஊர் சுற்றின ராக்லாந்து ஐயர் இரண்டு வருஷத்துக்கு முன்பு அங்கேயே இறந்துபோயிருந்தார். அவர் அலைந்த ஊர்களில் இது நடந்தது. ஆங்கிலேய மிஷனரிமார் சிலர் சந்தேகத்தோடு பார்த்தார்கள், சிலர் நன்றியோடு பார்த்தார்கள். உலக அளவில் அந்நிய பாஷை என்றதும் லாஸ் ஏஞ்சலிஸின் அசுசா தெருவையும் 1906ஐயும் சொல்வது வழக்கம். அதற்கு 46 வருஷம் முன்னால் வத்திராயிருப்புப் பக்கத்துச் சம்சாரிகள் பேசியிருக்கிறார்கள். இதில் பெருமைப்பட ஒன்றும் இல்லை என்று சொல்லமாட்டேன், கொஞ்சம் இருக்கிறது.

ஆனால் அருளப்பனின் நாட்குறிப்புகளை வைத்து 1939இல் ஜி. எச். லாங் வெளியிட்ட புத்தகத்தில் என்னை நிறுத்துவது வேறு. எழுப்புதலுக்குப் பிறகு ஆட்கள் ஊர் ஊராகக் கிளம்பிப் போனார்கள், சம்பளம் இல்லாமல். போனவர்களில் பெண்களும் உண்டு. மிஷன் வேலை என்றால் மாதச் சம்பளம் என்று ஆகியிருந்த காலத்தில், கூலி வேலைக்காரரும் விவசாயியும் தங்கள் சோற்றைத் தாங்களே பார்த்துக்கொண்டு போதிக்கப் போனார்கள் என்பது நடுங்கி விழுந்ததைவிடப் பெரிய விஷயம். நடுக்கம் ராத்திரியில் நின்றுவிடும். சம்பளம் வாங்காமல் நடப்பதற்கு மறுநாள் காலையும் அதற்கடுத்த காலையும் வேண்டும்.

அருளப்பன் 1867இல் இறந்தார். அவர்கள் மூட்டின நெருப்பு மேற்கே போனது. திருவிதாங்கூரில் 1873இல் தொடங்கிய எழுப்புதலுக்குத் தமிழ்நாட்டிலிருந்து போன உபதேசிமாரும் காரணம். அதன் தலைவராக வந்தவர் யுஸ்துஸ் ஜோசப், பிராமணக் குடும்பத்திலிருந்து கிறிஸ்தவரானவர், நல்ல பாட்டுக்காரர். அவருடைய கீர்த்தனைகள் கேரளச் சபைகளில் இன்றும் பாடப்படுகின்றன. அந்த இயக்கம் கிறிஸ்துவின் வருகைக்குத் தேதி குறித்தது. 1881. அந்த வருஷம் வந்தது, போனது. இயக்கம் சிறுத்துப்போனது.

எழுப்புதல்கள் இப்படி இறந்துபோவதை வேதம் முன்பே அறிந்திருக்கிறது. யோசியாவின் கொள்ளுத்தாத்தா எசேக்கியா ஆட்சியின் முதல் வருஷம் முதல் மாதத்திலேயே, பூட்டிக்கிடந்த ஆலயக் கதவுகளைத் திறந்து பழுதுபார்த்தவன். லேவியர் உள்ளேயிருந்த குப்பையை வாரிக் கீதரோன் ஆற்றுக்குக் கொண்டுபோய்க் கொட்ட 16 நாள் ஆனது. அவன் செய்த காரியங்களில் ஒன்றை நம் கன்வென்ஷன் மேடைகளில் அதிகம் கேட்டதில்லை. மோசே வனாந்தரத்தில் செய்த வெண்கலச் சர்ப்பத்தை உடைத்துப்போட்டான். அது பாகாலின் சிலை இல்லை. கர்த்தர் சொல்லி மோசே செய்தது, கடிபட்டவர்களைப் பிழைக்கவைத்தது. நூற்றாண்டுகள் கழித்து ஜனங்கள் அதற்குத் தூபம் காட்டிக்கொண்டிருந்தார்கள். ஒரு காலத்து உண்மையான அற்புதத்தையே அவன் உடைக்கவேண்டியிருந்தது. 1860ஐ நினைத்து, 1905இல் ஏமி கார்மைக்கேலின் டோனாவூரில் நடந்ததை நினைத்து, அதே மாதிரி அழுகை, அதே மாதிரி நடுக்கம் வந்தால்தான் ஆவியானவர் வந்தார் என்று காத்திருக்கிற சபைகள் தங்களிடம் இருக்கிற சர்ப்பம் எது என்று பார்த்துக்கொள்ளலாம்.

எழுப்புதல் கூட்டங்களில் தவறாமல் எடுக்கிற பகுதி நெகேமியா எட்டாம் அதிகாரம். ஏழாம் மாதம் முதல் தேதி, தண்ணீர் வாசலுக்கு முன்னால் வீதியில் ஜனங்கள் கூடுகிறார்கள். எஸ்றா மரத்தால் செய்த மேடையில் ஏறி விடியற்காலம் முதல் மத்தியானம் வரை நியாயப்பிரமாணத்தை வாசிக்கிறான். லேவியர் கூட்டத்துக்குள் நின்று பொருள் சொல்கிறார்கள். ஜனங்கள் அழுகிறார்கள். அழவேண்டாம் என்கிறார்கள் தலைவர்கள்; போய் நல்ல சாப்பாடு சாப்பிடுங்கள், ஒன்றும் இல்லாதவர்களுக்கும் பங்கு அனுப்புங்கள். நல்ல அதிகாரம். இங்கே நிறுத்திவிட்டால் எல்லாருக்கும் மனம் நிறைந்துவிடும், நிறுத்தியும் விடுகிறார்கள்.

எட்டு வருவதற்கு முன்னால் ஐந்து இருக்கிறது. ஐந்தாம் அதிகாரத்தில் ஜனங்களும் அவர்கள் மனைவிமாரும் கூப்பாடு போடுகிறார்கள். பஞ்சத்தில் தானியம் வாங்க வயலையும் திராட்சத்தோட்டத்தையும் வீட்டையும் அடகு வைத்தோம்; ராஜாவுக்கு வரி கட்டக் கடன் வாங்கினோம்; பிள்ளைகளை அடிமையாக விட்டோம், மீட்க வழியில்லை. கடன் கொடுத்தவர்கள் அந்நியரில்லை, சொந்த யூத சகோதரர்கள். நெகேமியா ஒரு சபை கூட்டிச் சண்டை போடுகிறான். நானும் என் ஆட்களும்கூடப் பணமும் தானியமும் கடன் கொடுத்திருக்கிறோம், விட்டுவிடுவோம் என்று தன்னையும் சேர்த்தே பேசுகிறான். நிலங்களைத் திருப்பிக் கொடுக்கச் சொல்கிறான். கூடவே நூற்றுக்கு ஒன்று என்று வாங்கினதையும். அது மாத வட்டி என்று உரைகாரர்கள் பலரும் கொள்வார்கள். அப்படியானால் நம் கணக்கில் ஒரு ரூபாய் வட்டி. கந்துவட்டியைத் தடுக்க 2003இல் சட்டம் போட்ட பிறகும் தவணைக்காரனுக்குப் பயந்து கதவைச் சாத்திக்கொள்கிற வீடுகள் இருக்கிற நம் பக்கத்தில் ஒரு ரூபாய் வட்டிக்காரனைத் தர்மவான் என்பார்கள். நெகேமியா அதையும் விடவில்லை. மடியை உதறிக் காட்டி, இதைச் செய்யாதவனைக் கர்த்தர் இப்படி உதறிப்போடட்டும் என்கிறான். இது முடிந்த பிறகுதான் வேதப் புஸ்தகம் வீதிக்கு வருகிறது. புஸ்தகத்தில் இந்த வரிசையில்தான் இருக்கிறது. நம் கூட்டங்களில் முதல் பாதியை உருவி எடுத்துவிட்டார்கள்.

எட்டுக்குப் பிறகு பத்தாம் அதிகாரத்தில் ஜனங்கள் எழுதி முத்திரை போட்டு உறுதி சொல்கிறார்கள். ஓய்வுநாளில் வியாபாரம் செய்யமாட்டோம், லேவியருக்குத் தசமபாகம் கொடுப்போம், எங்கள் தேவனுடைய ஆலயத்தைக் கைவிடமாட்டோம். நெகேமியா சிலகாலம் ராஜாவிடம் போய்விட்டுத் திரும்புகிறான். பதின்மூன்றாம் அதிகாரம். காணிக்கையும் தூபவர்க்கமும் தசமபாகத் தானியமும் வைத்திருந்த ஆலயத்துப் பெரிய அறையை ஆசாரியன் எலியாசிப் தனக்கு வேண்டிய தொபியாவுக்குக் குடியிருக்கக் கொடுத்திருக்கிறான். நெகேமியா எருசலேம் மதிலைக் கட்டும்போது கட்டக்கூடாது என்று எதிர்த்த அதே தொபியா. லேவியருக்கும் பாடகருக்கும் பங்கு கொடுக்கவில்லை, அவரவர் வயலுக்குப் போய்விட்டார்கள். ஓய்வுநாளில் திராட்ச ஆலை மிதிக்கிறார்கள், தீருவிலிருந்து வந்தவர்கள் மீன் விற்கிறார்கள். முத்திரை போட்டுச் சொன்னவை எவையோ அவையே மீறப்பட்டிருக்கின்றன.

கண்மாயில் ஆகாயத்தாமரையை அள்ளிப் படம் எடுத்துப் போட்டுவிட்டு, சாக்கடை விழுகிற மடையை அடைக்காமல் விட்டால் அடுத்த மழைக்குள் என்ன ஆகும் என்று எங்கள் ஊரில் யாருக்கும் சொல்லித்தர வேண்டாம். நெகேமியா மடைக்கே போகிறான். தொபியாவின் தட்டுமுட்டுச் சாமானை அறைக்கு வெளியே எறிகிறான். லேவியரைத் திரும்பக் கூட்டிவந்து நிறுத்துகிறான். பண்டசாலைக்கு உண்மையுள்ளவர்கள் என்று பெயர் எடுத்தவர்களைப் பார்த்து நியமிக்கிறான். அவர்கள் வேலை சகோதரருக்குப் பங்கிட்டுக் கொடுப்பது. மறுபடியும் கணக்கன். அவனுடைய கோபம் சில இடத்தில் எல்லை மீறுகிறது. அந்நிய பெண்களைக் கட்டினவர்களை அடித்து மயிரைப் பிய்த்தான் என்றும் அதே அதிகாரம் சொல்கிறது. அதை முன்மாதிரி என்று எடுத்துக்கொள்ள என்னால் முடியாது. புஸ்தகம் வெற்றிக் கொண்டாட்டத்தோடு முடியாமல், களைத்துப்போன ஒருவன் தன்னை நினைத்தருளும்படி கேட்கிற ஜெபத்தோடு முடிகிறது.

இதைவிடக் கசப்பானது எரேமியா 34. பாபிலோன் படை எருசலேமைச் சுற்றி நிற்கிறது. கடைசி ராஜா சிதேக்கியா ஜனங்களோடு உடன்படிக்கை பண்ணுகிறான்: எபிரெய அடிமைகளை விடுதலை பண்ணிவிடவேண்டும். ஆலயத்தில் வைத்து, கன்றுக்குட்டியை இரண்டாக வெட்டி அதன் நடுவே நடந்து சத்தியம் செய்கிறார்கள். விடுதலையும் பண்ணினார்கள். அப்புறம் எகிப்தின் படை வருகிறது என்று கேள்விப்பட்டுப் பாபிலோன்காரர் கொஞ்சம் பின்வாங்குகிறார்கள். ஆபத்து நீங்கிவிட்டது என்று தோன்றியதும், விட்ட அடிமைகளைத் திரும்பப் பிடித்துக்கொண்டார்கள். எரேமியாவின் புஸ்தகத்தில் தேவகோபம் இவ்வளவு கொதிக்கிற இடங்கள் குறைவு. பொய்யான தேவர்களைக் கும்பிட்டதற்காக இங்கே அவர் கோபப்படவில்லை. ஆராதனை நடந்தது, சடங்கும் சரியாகவே நடந்தது. விடுதலை செய்தவனைத் திரும்பக் கட்டினதுதான் குற்றம்.

நம்முடைய எழுப்புதல்களில் விடுதலை செய்துவிட்டுத் திரும்பக் கட்டினது எது என்று தமிழ்க் கிறிஸ்தவர்களுக்குத் தெரியும். அதை யாரும் மேடையில் பேர்சொல்லிப் பேசுவதில்லை. சாதி. மதுரையில் அமெரிக்க மிஷன் 1834இல் தொடங்கியது. பெரியகுளத்திலும் இந்தப் பள்ளத்தாக்கிலும் பழைய சபைகள் பல அதன் வழி வந்தவை, 1947 செப்டம்பர் 27இல் தென்னிந்தியத் திருச்சபையில் சேர்ந்தவை. அந்த மிஷன் 1847இல் தன் ஊழியக்காரர்களுக்கு ஒரு சோதனை வைத்தது. எல்லாச் சாதியாரும் சேர்ந்து உட்கார்ந்து ஒரே பந்தியில் சாப்பிடும் அன்பின் விருந்து. உபதேசிமார் பலர் மறுத்து வேலையை விட்டுப்போனார்கள். பசுமலைச் செமினாரியில் மாணவர்கள் கிளம்பிப்போய்ப் பள்ளியே ஆட்டம் கண்டது. வெள்ளைக்காரர்கள் அதிகாரத்தோடு வைத்த சோதனை அது, அதில் அவர்களுடைய மேட்டிமையும் இருந்தது என்று வாதிடலாம். தஞ்சாவூரில் வேதநாயக சாஸ்திரியார் இதேபோன்ற கட்டாயத்தை எதிர்த்து எழுதினார். அந்த வாதத்தில் கொஞ்சம் நியாயம் இருக்கலாம். பந்தியில் உட்கார மறுத்ததில் எனக்கு நியாயம் தெரியவில்லை.

அதற்குப் பிறகு எத்தனை எழுப்புதல்கள். எத்தனை பேர் நடுங்கினார்கள், அழுதார்கள், தீர்க்கதரிசனம் சொன்னார்கள். திருச்சி மேலப்புதூர் கத்தோலிக்கக் கல்லறையில் தலித் கிறிஸ்தவர்களின் புதைகுழிகளை மற்றவர்களுடையதிலிருந்து பிரிக்கிற சுவர் நம் காலத்திலும் பிரச்சினையாக நின்றது. அன்றைய விழுப்புரம் மாவட்டத்து எறையூரில் தனிப் பங்கு கேட்ட தலித் கத்தோலிக்கருக்கும் மற்ற கத்தோலிக்கருக்கும் நடந்த மோதல் 2008 மார்ச்சில் துப்பாக்கிச் சூட்டில் முடிந்தது. இரண்டு பேர் செத்தார்கள். கத்தோலிக்கர் கதை என்று சீர்திருத்தச் சபையார் ஒதுங்கிக்கொள்ள வழியில்லை. எந்தத் தெருக்காரர் எந்த ஆராதனைக்குப் போகிறார், கமிட்டித் தேர்தலில் யார் பக்கம் யார், சம்பந்தம் யாரோடு என்று பார்த்தால் போதும். விளம்பரத்தில் ஜாதி சம்மதம் கேட்டு, கூடவே இரட்சிக்கப்பட்ட மணமகள் தேவை என்று போடுகிற நம்முடைய வழக்கத்தை ஏசாயா பார்த்திருந்தால் 58ஆம் அதிகாரத்தில் இன்னொரு வசனம் சேர்த்திருப்பார். உபவாசம் என்றால் நுகத்தின் பிணையல்களை அவிழ்ப்பதும் பசித்தவனோடு ஆகாரத்தைப் பகிர்வதும்தானே என்று அங்கே அவர் ஏற்கெனவே கேட்டிருக்கிறார். மூன்று நாள் உபவாசக் கூட்டச் சுவரொட்டியில் அந்த அதிகார எண்ணைப் போட்டு நான் பார்த்ததில்லை.

கர்மேலில் எலியா இடிந்துகிடந்த கர்த்தருடைய பலிபீடத்தைச் செப்பனிட்ட விதம் இந்த இடத்தில் ஞாபகம் வருகிறது. ராஜ்யம் இரண்டாகப் பிளந்து வெகுகாலம் ஆகிவிட்டது, பத்துக் கோத்திரம் வடக்கே, யூதாவும் பென்யமீனும் தெற்கே. எலியா நிற்பது வடக்கே. பத்துக் கல் போதும். பன்னிரண்டு கல் எடுத்து அடுக்கினான். சண்டை போட்டுப் பிரிந்துபோனவர்களின் கல்லும் அந்தப் பீடத்தில் இருந்தது. அக்கினி அதற்குப் பிறகுதான் இறங்கியது.

அடுத்த கூட்டத்துக்கு வருகிற பிரசங்கியார் யாராயிருந்தாலும் நெகேமியா எட்டைத்தான் எடுப்பார். அவரை அழைக்கிற கமிட்டியில் நீங்கள் இருந்தால் ஐந்தையும் பதின்மூன்றையும் சேர்த்துப் பேசச் சொல்லுங்கள். கூட்டத்துக்கு மறுநாள், பந்தல்காரருக்கும் மைக்செட்காரருக்கும் சமையல்காரருக்கும் பாக்கி இல்லாமல் கொடுத்தாயிற்றா என்று கணக்கைச் சபையில் வாசியுங்கள். அப்படியே கல்லறைத் தோட்டத்துப் பதிவேட்டையும் எடுத்து, யாரை எங்கே புதைத்திருக்கிறோம் என்று ஒருமுறை வாசித்துப் பாருங்கள்.